படம் வாங்குவதைத் தள்ளிப் போடலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டரும் பெரிய மானிட்டரும் வாங்கியவர்களுக்கு, பிடித்த படங்களை வாங்கிச் சேர்த்து வைக்கலாம் என்ற ஆசை வருவது இயல்பு. ஆனால் தேடிப் பார்த்தால் ஒரே படம் டிவிடியில் ஒரு விலை, புளூ ரே டிஸ்க்கில் ஒரு விலை, 4கே டிஸ்க்கில் வேறொரு விலை என்று இருக்கிறது. டிஸ்க்கே இல்லாமல் இணையம் வழியாகவும் "வாங்கலாம்" என்கிறார்கள். உடனே ஒரு சந்தேகம் எழுகிறது. இன்று காசு கொடுத்து வாங்கிய பின் நாளை இதைவிடச் சிறந்த ஒன்று வந்தால், வாங்கியது வீணாகிவிடாதா? கொஞ்சம் பொறுத்திருந்தால் என்ன?

இந்தச் சந்தேகம் 1970களிலிருந்தே உள்ளது. வீடியோ கேசட், சிடி, டிவிடி என்று ஒவ்வொன்று வந்தபோதும் பலர் காத்திருந்தனர், பலர் அவசரப்பட்டனர். இரு தரப்பிலும் பணத்தை இழந்தவர்கள் உண்டு. யார் இழந்தார்கள், ஏன் இழந்தார்கள் என்று பார்த்தால் இன்றைய கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

பார்மட் என்றால் என்ன?

படத்தை எப்படிப் பதிய வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கான விதிமுறைகளின் தொகுப்பே பார்மட். டிஸ்க்கின் அளவு, டேட்டா பதியப்படும் நெருக்கம், படிக்கும் லேசர், வீடியோவைச் சுருக்கும் முறை, காப்பி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு எல்லாம் இதில் அடங்கும்.

1993இல் வந்த விசிடியில், நம் நாட்டின் பால் முறைப்படி, ஒரு படச் சட்டத்தில் 352 x 288 புள்ளிகள். 1996இல் ஜப்பானிலும் 1997இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த டிவிடியில் 720 x 576 புள்ளிகள். இது விசிடியைப் போல 4 மடங்கு. 2006இல் வந்த புளூ ரே டிஸ்க்கில் 1920 x 1080. இது டிவிடியைப் போல 5 மடங்கு. 2016இல் வந்த 4கே அல்ட்ரா எச்டி புளூ ரேயில் 3840 x 2160. இது புளூ ரேயைப் போல 4 மடங்கு.

இந்த டிஸ்க்குகள் எல்லாமே 12 செ.மீ. விட்டம் கொண்டவை. அதே இடத்தில் இவ்வளவு அதிக டேட்டா எப்படி அடங்குகிறது? காரணம் லேசர் ஒளியின் அலைநீளம். சிடி டிரைவின் லேசர் 780 நானோமீட்டர், டிவிடியின் சிவப்பு லேசர் 650 நானோமீட்டர், புளூ ரேயின் நீல ஊதா லேசர் 405 நானோமீட்டர். அலைநீளம் குறையக் குறைய, லேசர் டிஸ்க்கில் விழும் புள்ளியும் சிறியதாகிறது. பேனா முனை மெல்லியதாக இருந்தால் அதே தாளில் அதிகம் எழுதலாம் அல்லவா? அதுபோலத்தான். இரண்டு லேயர் டிவிடியில் 8.5 ஜிபி அடங்க, இரண்டு லேயர் புளூ ரேயில் 50 ஜிபி அடங்குவது இதனால்தான். 4கே டிஸ்க்கில் 100 ஜிபி வரை அடங்கும்.

கேசட் காலத்துப் பாடம்

1975இல் சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் கேசட்டைக் கொண்டு வந்தது. அடுத்த ஆண்டே ஜேவிசி நிறுவனம் விஎச்எஸ் கேசட்டை அறிமுகம் செய்தது. இரண்டும் வெவ்வேறு அளவு. ஒன்றின் கேசட் மற்றொன்றின் மெஷினுக்குள் நுழையவே நுழையாது. பல ஆண்டுப் போட்டியில் விஎச்எஸ் வென்றது. பீட்டாமேக்ஸ் வாங்கியவர்கள் மெஷினையும் கேசட்டையும் ஒருசேர மாற்ற வேண்டியிருந்தது.

வென்ற விஎச்எஸ் என்ன ஆனது? 2016 மார்ச்சில் சோனி பீட்டாமேக்ஸ் கேசட் விற்பனையை நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில், விஎச்எஸ் ரெக்கார்டர்களைக் கடைசி வரை தயாரித்துக் கொண்டிருந்த ஜப்பானின் பூனாய் நிறுவனமும் தயாரிப்பை நிறுத்திவிட்டது. தோற்றதும் வென்றதும் ஒரே ஆண்டில் முடிவுக்கு வந்தன. ஆகவே "எது ஜெயிக்கும்?" என்ற கேள்விக்கு விடை தெரிந்தாலும், படம் எக்காலத்துக்கும் ஓடும் என்ற உறுதி கிடைப்பதில்லை. "அடுத்து வரும் மெஷின் இதைப் படிக்குமா?" என்று கேட்பதே முக்கியம்.

எச்டி டிவிடி – புளூ ரே மோதல்

2006 ஏப்ரலில் டோஷிபா நிறுவனம் அமெரிக்காவில் எச்டி டிவிடி பிளேயரை 499 டாலருக்கு விற்கத் தொடங்கியது. இரண்டு மாதங்களில், சோனி உள்ளிட்ட நிறுவனங்களின் ஆதரவுடன் புளூ ரே வந்தது. சாம்சங் நிறுவனத்தின் முதல் புளூ ரே பிளேயர் விலை சுமார் 1,000 டாலர். இரண்டுமே நீல ஊதா லேசரைத்தான் பயன்படுத்தின. ஆனால் எச்டி டிவிடியில் டேட்டா லேயர், டிவிடியைப் போல மேற்பரப்பிலிருந்து 0.6 மிமீ ஆழத்தில் இருந்தது. புளூ ரேயில் 0.1 மிமீ ஆழத்திலேயே இருந்தது. எனவே ஒன்றுக்கென்று தயாரித்த பிளேயரில் மற்றொன்று ஓடவில்லை. திரைப்பட நிறுவனங்களும் இரு அணிகளாகப் பிரிந்தன.

2007 நவம்பரில் வால்மார்ட் கடைகளில் டோஷிபாவின் எச்டி டிவிடி பிளேயர் ஒன்று 98.87 டாலருக்கு விற்கப்பட்டது. இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் வாங்கினர். 2008 ஜனவரி 4 அன்று வார்னர் நிறுவனம் இனி புளூ ரேயில் மட்டுமே படங்களை வெளியிடுவோம் என்றது. பிப்ரவரி 19 அன்று டோஷிபா எச்டி டிவிடியைக் கைவிடுவதாக அறிவித்தது. மலிவு விற்பனைக்கும் மூடுவிழாவுக்கும் இடையே நான்கு மாதம்கூட இல்லை.

இந்த மோதலில் இழந்தது யார்? எச்டி டிவிடி டிஸ்க் வாங்கியவர்கள்தான். அதே 2006, 2007ஆம் ஆண்டுகளில் சாதாரண டிவிடி வாங்கியவர்கள் எதையும் இழக்கவில்லை. அவர்களுடைய டிஸ்க்குகள் டிவிடி பிளேயரிலும் ஓடின. எச்டி டிவிடி பிளேயரிலும் ஓடின. புளூ ரே பிளேயரிலும் ஓடின. பின்னர் வந்த 4கே பிளேயர்களிலும் ஓடுகின்றன.

பழைய பார்மட் உடனே மறைந்துவிடுவதும் இல்லை. டிவிடி அமெரிக்காவுக்கு வந்த பின்னும் 2006 வரை ஹாலிவுட் படங்கள் விஎச்எஸ் கேசட்டில் வந்துகொண்டிருந்தன. புளூ ரே வந்து 19 ஆண்டுகளுக்கு மேலாகியும் டிவிடி விற்பனையில் இருக்கிறது. பார்மட் மாறும்போது உங்களுக்குப் பல ஆண்டு அவகாசம் கிடைக்கிறது.

காத்திருந்தவர்கள் கதை

காத்திருப்பதிலும் இழப்பு உண்டு. ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய "தி அபிஸ்" 1989இல் வந்த படம். "ட்ரூ லைஸ்" 1994இல் வந்தது. இரண்டும் 2000ஆம் ஆண்டு வாக்கில் டிவிடியில் கிடைத்தன. 2006இல் புளூ ரே வந்தபோது, "இந்தப் படங்கள் அதில் வரட்டும், வாங்கிக் கொள்வோம்" என்று நினைத்தவர்கள் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் தெரியுமா? அமெரிக்காவில் இவை புளூ ரே மற்றும் 4கே டிஸ்க்கில் வெளிவந்தது 2024 மார்ச்சில்தான். ஏறத்தாழ 18 ஆண்டுகள்! அப்படி வந்தபோதும் "ட்ரூ லைஸ்" 4கே டிஸ்க்கில் கம்ப்யூட்டர் மூலம் அளவுக்கு மீறிப் படத்தைச் சுத்தம் செய்து, முகங்கள் மெழுகு பூசியது போல ஆகிவிட்டன என்று பலர் குறை கூறினர்.

புதிய பார்மட்டில் முதலில் வருவதே சிறந்ததாக இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. "தி ஃபிஃப்த் எலிமென்ட்" படம் 2006இல் புளூ ரேயில் வந்தபோது படத்தின் தரம் சரியில்லை என்ற புகார் எழுந்தது. 2007இல் சோனி புதிதாகத் தயாரித்த டிஸ்க்கை வெளியிட்டு, பழையதை மாற்றிக் கொள்ளவும் வழி செய்தது.

மூலம் எதுவோ அதுவே எல்லை

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். டிஸ்க்கில் எத்தனை புள்ளிகள் இருந்தாலும், படம் எடுத்தபோது பதிவானதற்கு மேல் விவரம் கிடைக்காது. 1962இல் வந்த "லாரன்ஸ் ஆஃப் அரேபியா" 65 மிமீ ஃபிலிமில் எடுக்கப்பட்டது. அந்த ஃபிலிமில் இருக்கும் விவரத்தைக் காட்ட டிவிடி போதாது. 2020இல் வந்த 4கே டிஸ்க்கில்தான் அதன் முழு அழகு வீட்டுக்கு வந்தது. இப்படிப்பட்ட படத்துக்குக் காத்திருந்தது நியாயம்.

மாறாக, 2002இல் வந்த "28 டேஸ் லேட்டர்" படத்தின் பெரும்பகுதி மினி டிவி வகை கேமராவில் எடுக்கப்பட்டது. அதன் ரிசொல்யூஷன் ஏறக்குறைய டிவிடி அளவுதான். இதை 4கேயில் வாங்கினால் புள்ளிகள் கூடும், விவரம் கூடாது. எனவே பார்மட்டுக்காகக் காத்திருப்பதா என்று பொதுவாகக் கேட்பதைவிட, ஒவ்வொரு படத்துக்கும் தனியாகக் கேட்பதே சரி.

உங்கள் திரை என்ன காட்டும்?

அடுத்துப் பார்க்க வேண்டியது உங்கள் மானிட்டர். டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து, டிஸ்பிளே செட்டிங்ஸ் பிரிவைத் திறந்தால் ரிசொல்யூஷன் தெரியும். 1366 x 768 அல்லது 1920 x 1080 என்று இருந்தால், 4கே டிஸ்க்கின் கூடுதல் புள்ளிகளைத் திரையால் காட்ட முடியாது. எச்டிஆர் எனப்படும் கூடுதல் ஒளி, வண்ண வேறுபாட்டைக் காட்டவும் திரைக்கு அந்த வசதி இருக்க வேண்டும்.

இருக்கும் திரை 15 அங்குல லேப்டாப் என்றால், நல்ல டிவிடிக்கும் புளூ ரேக்கும் வேறுபாடு தெரியும். ஆனால் திடுக்கிட வைக்காது. அதே டிவிடியை 55 அங்குல டிவியில் போட்டால் படம் மங்கலாகத் தெரியும். டிவிடியில் இல்லாத புள்ளிகளைப் பிளேயரோ டிவியோ பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்புவதுதான் இதற்குக் காரணம். அடுத்த ஆண்டு பெரிய டிவி வாங்கும் எண்ணம் இருந்தால், இன்று வாங்கும் படத்தைப் புளூ ரேயில் வாங்குவது நல்லது.

கம்ப்யூட்டரில் கவனிக்க வேண்டியவை

டிவி பிளேயரைவிடக் கம்ப்யூட்டரில் சிக்கல்கள் சற்றுக் கூடுதல்.

முதலாவது, டிரைவ். இன்று விற்கப்படும் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் டிஸ்க் டிரைவ் இல்லை. யுஎஸ்பியில் இணைக்கும் டிரைவைத் தனியாக வாங்க வேண்டும். டிவிடி டிரைவ் புளூ ரேயைப் படிக்காது. புளூ ரே டிரைவ் டிவிடியைப் படிக்கும்.

இரண்டாவது, புரோகிராம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், டிவிடி படம் பார்க்கும் வசதி விண்டோஸில் இலவசமாகச் சேர்ந்து வருவதில்லை. விஎல்சி மீடியா பிளேயரை இலவசமாக டவுன்லோட் செய்து டிவிடி பார்க்கலாம். புளூ ரே படங்களுக்குப் பெரும்பாலும் பணம் கொடுத்து ஒரு பிளேயர் புரோகிராம் வாங்க வேண்டும்.

மூன்றாவது, மண்டலக் குறியீடு. டிவிடியில் இந்தியா 5ஆம் மண்டலம். அமெரிக்கா 1ஆம் மண்டலம். கம்ப்யூட்டர் டிவிடி டிரைவில் மண்டலத்தை 5 முறைதான் மாற்றலாம். பின் கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும். டிவைஸ் மேனேஜரில் உங்கள் டிவிடி டிரைவின் மீது ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ் சென்று, டிவிடி ரீஜன் டேபில் மீதம் எத்தனை முறை உள்ளது என்று பார்க்கலாம். புளூ ரேயில் இந்தியா சி மண்டலம், அமெரிக்கா ஏ மண்டலம். 4கே டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டு இல்லை.

நான்காவது, 4கே டிஸ்க். இதைக் கம்ப்யூட்டரில் முறைப்படி பார்க்க, இன்டெல் ப்ராசசர்களில் இருந்த எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி தேவை. பின்னர் வந்த கோர் வரிசை ப்ராசசர்களில் இன்டெல் இதை நீக்கிவிட்டது. எனவே புதிய கம்ப்யூட்டர் வாங்கிய நீங்கள், 4கே டிஸ்க் அதில் ஓடும் என்று நம்பி வாங்க வேண்டாம். புதிய மெஷின் பழையதைவிட நன்றாகப் படிக்கும் என்ற வழக்கம் இங்கே தலைகீழாகிவிட்டது! 4கே டிஸ்க்குக்கு டிவியுடன் இணைக்கும் தனி பிளேயர்தான் சரியான வழி.

டிஸ்க் இல்லாமல் வாங்கினால்?

"பார்மட் தொல்லையே வேண்டாம், இணையத்தில் வாங்கிவிடலாம்" என்று தோன்றலாம். இங்கு ஒரு பழைய கதையை நினைவுபடுத்த வேண்டும். 1998இல் அமெரிக்காவின் சர்க்யூட் சிட்டி நிறுவனம் டிவ்எக்ஸ் என்ற டிஸ்க்கை விற்றது. பின்னர் இதே பெயரில் புகழ்பெற்ற வீடியோ கோடெக் வேறு. குழப்பிக் கொள்ள வேண்டாம். இந்த டிஸ்க்கைச் சுமார் 4.50 டாலருக்கு வாங்கி, பார்க்கத் தொடங்கியதிலிருந்து 48 மணி நேரம் பார்க்கலாம். மீண்டும் பார்க்கப் பணம் செலுத்த வேண்டும். இதற்காகப் பிளேயர் தொலைபேசி இணைப்பு மூலம் நிறுவனத்தின் சர்வரைத் தொடர்பு கொள்ளும். 1999 ஜூனில் திட்டம் கைவிடப்பட்டது. 2001 ஜூன் மாதத்துடன் சர்வர் சேவையும் நின்றது. டிஸ்க் கையில் இருந்தும் படம் ஓடவில்லை.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு நம் ஊரிலேயே உண்டு. 2007இல் மோசர் பேர் நிறுவனம் தமிழ் உட்பட இந்திய மொழிப் படங்களை விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் விற்றது. 2018இல் அந்த நிறுவனத்தைக் கலைத்து, சொத்துக்களை விற்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஆனால் கீறல் விழாமல் வைத்திருந்தால் அந்த டிஸ்க்குகளை இன்றும் பார்க்கலாம். ஏனெனில் அவை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

இணையத்தில் வாங்கும் படம் டிவ்எக்ஸ் வகையைச் சேர்ந்தது. நீங்கள் பெறுவது பார்ப்பதற்கான உரிமம் மட்டுமே. அல்ட்ரா வயலட் என்ற சேவை 2011இல் தொடங்கி 2019 ஜூலையில் மூடப்பட்டது. பயனாளர்கள் தங்கள் படங்களை வேறு கடைகளில் உள்ள கணக்குடன் இணைத்துக் காப்பாற்றிக் கொள்ள வேண்டியிருந்தது. 2022இல் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும், சோனி பிளேஸ்டேஷன் ஸ்டோரில் வாங்கிய ஸ்டுடியோ கெனால் நிறுவனப் படங்கள் வாடிக்கையாளர் தொகுப்பிலிருந்து நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. மைக்ரோசாப்ட் 2025 ஜூலையில் திரைப்பட விற்பனையை நிறுத்தியது. ஏற்கனவே வாங்கியவர்கள் தொடர்ந்து பார்க்கலாம் என்றது. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 முதல், இப்படி விற்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று போடக் கூடாது எனச் சட்டமே வந்துவிட்டது.

ஒருமுறை பார்த்துவிட்டு மறக்கப் போகும் படத்துக்கு இணைய வாடகை மிகவும் ஏற்றது. குழந்தைகளுக்குப் பேரக் குழந்தைகள் வரும்வரை வைத்திருக்க நினைக்கும் படத்துக்கு ஏற்றதல்ல.

டிஸ்க்கும் நிரந்தரம் அல்ல

டிஸ்க்கையும் முழுமையாக நம்பிவிட முடியாது. 2006 முதல் 2008 வரை தயாரான தன் டிவிடிகளில் சில ஓடாமல் போவதை 2025இல் வார்னர் நிறுவனம் ஒப்புக் கொண்டது. பிளேயர் தயாரிப்பும் குறைகிறது. சாம்சங் 2019இல் அமெரிக்காவுக்கான புளூ ரே பிளேயர் தயாரிப்பை நிறுத்தியது. வாங்கிய டிஸ்க்கை அலமாரியில் வைத்துவிடாமல் உடனே ஒருமுறை முழுதும் ஓட்டிப் பாருங்கள். பழுதானால் கடையில் மாற்றிக் கொள்ளலாம். நல்ல நிலையில் இருக்கும் பழைய பிளேயரைத் தூக்கிப் போடாதீர்கள். படத்தைக் காப்பது டிஸ்க் மட்டும் அல்ல. அதைப் படிக்கும் மெஷினும்தான்.

முடிவாக என்ன செய்யலாம்?

வாங்கும் முன் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

1. இந்தப் படத்தை இந்த ஆண்டுக்குள் பார்ப்பேனா? இல்லை என்றால் இன்று வாங்க வேண்டாம். விலை குறையக் காத்திருக்கலாம்.

2. இந்த டிஸ்க்கை அடுத்த தலைமுறை பிளேயர் படிக்குமா? டிவிடிக்கும் புளூ ரேக்கும் இதுவரை விடை "ஆம்". இரண்டு புதிய பார்மட்கள் மோதும் நேரத்தில் இரண்டையும் விட்டுவிட்டு, இரண்டு பிளேயர்களிலும் ஓடும் பழையதை வாங்குங்கள். மலிவு விற்பனையைக் கண்டு மயங்க வேண்டாம்.

3. புதிய பார்மட்டில் இந்தப் படம் வந்துவிட்டதா, அல்லது வரும் தேதி அறிவிக்கப்பட்டுள்ளதா? அறிவிக்கப்பட்டிருந்தால் சில மாதங்கள் பொறுங்கள். "எப்போதாவது வரும்" என்பது தேதி ஆகாது. "தி அபிஸ்" படத்தை நினைத்துக் கொள்ளுங்கள்.

4. கூடுதல் விலைக்குரிய கூடுதல் விவரம் மூலப் படத்தில் இருக்கிறதா, அதை என் திரை காட்டுமா? இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் குறைந்த விலை டிஸ்க்கே போதும்.

8கே டிவிகள் விற்பனைக்கு வந்துள்ளதால், அடுத்து 8கே டிஸ்க் வரும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். ஹாலிவுட் படங்களை 8கே டிஸ்க்கில் விற்கும் பார்மட் எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. அதற்காக இன்று பார்க்க விரும்பும் படத்தைத் தள்ளிப் போட வேண்டியதில்லை.

பழைய டிவிடி வாங்கியவருக்கு நாளை புதிய டிஸ்க் வந்தால் கூடுதல் செலவு ஒரு டிஸ்க்கின் விலைதான். அதுவும் அவர் விரும்பினால் மட்டும். காத்திருந்தவருக்குப் போனது, அந்தப் படத்தை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்திருக்கக் கூடிய ஆண்டுகள். பிடித்த படம், உங்கள் மெஷினில் ஓடும் டிஸ்க், கையைக் கடிக்காத விலை. இந்த மூன்றும் ஒன்றாக அமைந்தால் தயங்காமல் வாங்கலாம்.